பலகையில் காலியாக இருந்த இடம்

மெக்கானிக்கம்மாவின் மகள் முதன்முதலாகத் தனியாகப் பறக்க வேண்டிய காலையில், கிளப்பின் நான்கு விமானங்களும் தரையை விட்டு எழும்ப மறுத்துவிட்டன. என்ஜின்கள் ஒழுங்காக ஓடின. எரிபொருளில் தண்ணீர் இல்லை. காற்று கேட்டு வாங்கியதுபோல், எழும்பத் தோதாக, நேர் எதிரில் அடித்தது. ஒவ்வொரு விமானமும் புல்திடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை முழு வேகத்தில் ஓடியது. வேலி நெருங்கியதும் ஓட்டியவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்த, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து நின்றது. பயிற்சி மாஸ்டர் தலையைச் சொறிந்தார். தன் மஞ்சள் விமானத்துக்குத்தான் கிளப்பிலேயே பெரிய என்ஜின் என்று சொல்லிக்கொள்ளும் பேக்கரிக்காரர், பின் இருக்கையில் இருந்த மாவு மூட்டையை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார், பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் கேன்டீனில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு டீ நன்றாக விற்றது என்று கேன்டீன் அக்கா பிற்பாடு சொன்னாள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது மெக்கானிக்கம்மாதான். அதனாலேயே பழியும் அவள் மேல் விழுந்தது. விமானக் கொட்டகையின் பின்சுவரில் அவளுடைய கருவிப் பலகை இருந்தது. வெள்ளை அடித்த பலகை. ஸ்பேனர், திருப்புளி, குறடு, ரப்பர் சுத்தி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தந்தக் கருவியின் உருவத்திலேயே ஒரு சிவப்புக் கோடு. வேலை முடிந்ததும் பலகை முன் நின்று பார்ப்பாள். ஏதாவது ஒரு கோட்டுக்குள் வெள்ளை தெரிந்தால் அந்தக் கருவி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கோ என்றால் ஏதோ ஒரு இறக்கைக்குள், ஏதோ ஒரு கம்பிக்கடியில், யாரோ ஒருவர் வானத்தில் வளைந்து திரும்பும்போது சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளும் இடத்தில். அதனால் பலகைக்குக் கீழே அவள் கையெழுத்தில் ஒரு விதி எழுதியிருந்தது: எல்லா இடமும் நிரம்பாமல் எதுவும் பறக்கக் கூடாது. கிளப் செயலாளர் முதற்கொண்டு பலரும், சின்னக் குறடுதானே என்று அந்த விதியை அவ்வப்போது மீறியிருக்கிறார்கள். இந்த முறை விமானங்கள் மீறவில்லை. அன்று காலை பெரிய ஸ்பேனருக்கும் ரப்பர் சுத்திக்கும் நடுவில், முந்தைய நாள் வெறுமையாக இருந்த இடத்தில், புதிதாக ஒரு சிவப்புக் கோடு இருந்தது. ஒரு சாண் நீளம். ஒரு பக்கம் கைப்பிடிபோல் தண்டு, மறுபக்கம் ஒரு கட்டி. கட்டியின் மேல்விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன மேடுகள், பக்கத்தில் ஒரு துருத்தல். அப்படியொரு கருவியை அவள் கண்டதே இல்லை. கோட்டுக்குள் ஆணியும் இல்லை, கருவியும் இல்லை.

வேறு தொழில்காரர்களாக இருந்தால், யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று விட்டிருப்பார்கள். விமானக்காரர்களால் அது முடியாது. கோடு காலியாக இருக்கிறது, ஆகவே ஒரு கருவி தொலைந்திருக்கிறது, ஆகவே தேட வேண்டும். இல்லாத ஒரு கருவியைக் கிளப்பே ஒரு வாரம் தேடியது. இறக்கைகளின் மூடிகளைத் திறந்து, குச்சியில் கட்டிய கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நின்று, குனிந்த தலையோடு புல்திடலை நடந்து கடந்தார்கள். உறுப்பினரான பல் டாக்டர் இரண்டு வருடம் முன்பு தொலைத்த பேனா கிடைத்தது. கேன்டீன் கரண்டிகள் கிடைத்தன. பேக்கரிக்காரரின் விமானத்தில், இருக்கைக்கு அடியில், ஒற்றைத் தோடு ஒன்று கிடைத்தது. அது தன் மனைவியுடையது என்றார் அவர். அவர் மனைவி விமானத்தைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள் என்பது ஊரறிந்த விஷயம்.

"அந்தத் தோடு யாருதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டேன்" என்றாள் கேன்டீன் அக்கா. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

அன்றிலிருந்து கிளப்பில் ஒருவரும் இன்னொருவரை முழுசாக நம்பவில்லை. ஆளுக்கொரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். யாராவது பலகைப் பக்கம் போனால் பின்னாலேயே இன்னொருவர் போனார். செயலாளர் கோட்டின் மேல் வெள்ளையடிக்கச் சொன்னார்; காலையில் கோடு வெள்ளைக்கு மேலே வந்து நின்றது. பலகையைக் கழற்றி வெளியே வைத்தார்கள். கோடு சுவரில் இருந்தது. பலகையைத் திரும்ப மாட்டினார்கள், கோடும் பலகைக்கே திரும்பியது. ஒரு ராத்திரி அவர் கொட்டகையைப் பூட்டுவதற்கு முன் பேக்கரிக்காரரிடம் மாவு வாங்கித் தரை முழுக்கத் தூவினார், திருடனின் காலடி தெரியட்டும் என்று. மறுநாள் மாவில் ஒரே ஒருவரின் காலடிதான் இருந்தது. அது செயலாளருடையது, தூவி முடித்துவிட்டு வெளியே வந்தபோது பதிந்தது. ஆனாலும் இரண்டு நாள் எல்லோரும் அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதில் அவருக்கு வந்த கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் தேவைப்பட்டது. சிவப்புப் பெயிண்ட் டப்பா மெக்கானிக்கம்மாவின் அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. கோடு வந்த அன்று பறக்க வேண்டியிருந்தது அவளுடைய ஒரே மகள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு செட்டிலாகிவிட்டதால், குழந்தையை விட்டுவர இடமில்லாமல் மெக்கானிக்கம்மா அவளைக் கொட்டகைக்கே தூக்கிவந்து வளர்த்தாள். விமானம் நிற்கும் இடத்தில் குழந்தைக்கு ஒரே ஓர் ஆபத்துதான். சுற்றுகிற புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருப்பதுபோல் இருக்கும். அதனால் எங்கே என்ஜின் சத்தம் கேட்டாலும் அவள் கை தானாகப் போய் மகளின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ளும், என்ஜின் நிற்கும்வரை விடாது. அந்த வீட்டில் மகளின் சட்டைகள் எல்லாம் முதலில் கழுத்தில்தான் கிழிந்தன. இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கணக்கில் கெட்டி, கோபத்தில் அதைவிடக் கெட்டி. மழை தொடங்கும் முன் தனியாக ஒரு சுற்றுப் பறந்து இறங்கியிருந்தால்தான் பெரிய பயிற்சிப் பள்ளியில் இடம் தருவார்கள். இந்த வருடம் விட்டால் அந்தப் பள்ளி அடுத்து எப்போது ஆள் எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. மேகம் ஏற்கெனவே மேற்கில் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது.

தையல் கடை மாடியில் அவர்கள் குடியிருந்த இரண்டு அறைகளில் அந்த நாட்களில் பேச்சே இல்லை. பேச்சு வந்தால் அது இப்படி இருந்தது.

"நீதானேம்மா?"

"நான் இல்லடி."

"போன மாசம் டயர்ன்னே. அப்புறம் மேக்னட்டோல தீப்பொறி வரலன்னே. அப்புறம் எண்ணெய் கசியுதுன்னே. இப்போ கோடு."

"டயர்ல நெஜமாவே வெடிப்பு இருந்துதுடி."

"வேற யார் கண்ணுக்கும் படாத வெடிப்பு. உன் கண்ணுக்கு மட்டும் கரெக்டா படும்."

மூன்றும் உண்மையான கோளாறுகள்தான். ஆனால் அவற்றை மெக்கானிக்கம்மா எவ்வளவு ஆசையோடு தேடினாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். விமானத்தின் அடியில் படுத்து டார்ச் அடித்தபோது, ஏதாவது இருக்க வேண்டுமே என்று மனசு வேண்டிக்கொண்டதையும், வெடிப்பு கண்ணில் பட்டதும் வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்ததையும் அவள் மறக்கவில்லை. மற்றவர்கள் அவளைச் சந்தேகப்பட்டதற்கு முன்பே அவள் தன்னைச் சந்தேகப்படத் தொடங்கியிருந்தாள். தூக்கத்தில் எழுந்து போய் வரைந்திருப்போமோ? காலையில் எழுந்ததும் முதல் வேலையாக நகக்கண்ணில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். விரல்களை மோந்து பார்த்தாள், டர்பன்டைன் வாசனை வருகிறதா என்று. சில ராத்திரிகள் வலது கையைத் தலையணைக்கு அடியில் அழுத்தி வைத்துக்கொண்டு தூங்கினாள். எதுவும் கிடைக்கவில்லை. எதுவும் கிடைக்காதது அவளை இன்னும் பயமுறுத்தியது.

கடைசியில் செயலாளர் ஒரு பிற்பகல் கொட்டகைக்குள் நாற்காலி போட்டு விசாரணை வைத்தார். உறுப்பினர்கள் பலகையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் மட்டும் எழுந்து போய்க் கோட்டுக்கு முன்னால் நின்றார். கோடு வந்த நாளிலிருந்தே அந்த உருவத்தை அவரால் விட முடியவில்லை, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகை வாசலில் பயிற்சி விமானம் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டு நின்றது. பறக்காவிட்டாலும் என்ஜின் மக்கர் பண்ணக் கூடாதே என்று மாஸ்டர் தினமும் அதைப் புல்லில் ஒரு ஓட்டம் ஓட்டுவார். காதில் மூடி, ஒரு கையில் பன். உள்ளே என்ன நடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

"பெயிண்ட் உங்க அலமாரியில. சாவி உங்க இடுப்புல. பொண்ணு உங்க பொண்ணு. இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்றார் செயலாளர்.

"சாவியை நீங்க வாங்கிப் பத்து நாளாச்சே சார், உங்க பாக்கெட்லதானே இருக்கு?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. "உங்க பொண்ணையே கேப்போம். நீ சொல்லும்மா. உங்கம்மா நீ பறக்கறதுல சந்தோஷப்படறாங்களா?"

மகள் எழுந்து நின்றாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவை ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் மெக்கானிக்கம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அதையே எல்லோரும் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். "போதும். நானே ஏறிப் பாக்கறேன். எழும்புதா இல்லையான்னு நானே பாக்கறேன்" என்று மகள் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தாள். கொட்டகையிலேயே வளர்ந்தவள்தான், புரொப்பெல்லரைப் பற்றிப் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கக்கூடியவள்தான். கோபத்தில் நேர்வழியாக நடந்தாள். நேர்வழியில் வெறும் காற்றுதான் இருப்பதுபோல் இருந்தது.

மெக்கானிக்கம்மா எப்போது எழுந்தாள், எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம், மகளின் காலர் அவள் வலது கையின் மூடிய முட்டிக்குள் இருந்ததைத்தான். துணி கிழிகிற சத்தம் என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. மகள் பின்னால் சாய்ந்து நின்றாள். அவள் மூக்குக்கு முன்னால் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? எப்படிப் பிடிச்சு நிறுத்தறாங்க பாத்தீங்களா?" என்று செயலாளர் கூவினார். காப்பாற்றினாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் ஒரு தடவை கண்ணில் ஏறிவிட்டால் எல்லாம் சாட்சியாகத்தான் தெரியும். மகளுக்கே ஒரு கணம் அப்படித்தான் தெரிந்தது. "விடும்மா!" என்றாள்.

"விடாதீங்க" என்றார் பல் டாக்டர். எல்லோரும் திரும்பினார்கள். "அசையாதீங்க. அப்படியே இருங்க. கொஞ்சம் வலிக்கும்... இல்ல, வலிக்காது. அப்படியே." அவர் மெக்கானிக்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார். முட்டியை விரிக்கவிடாமல், மகளின் காலரை மட்டும் விரலிடுக்கிலிருந்து மெல்ல உருவிவிட்டு, பல்லுக்கு எடுத்த அச்சை அலுங்காமல் தூக்கிப் போவதுபோல் அந்தக் கையைப் பலகைவரை நடத்திக்கொண்டு போய்க் கோட்டுக்குள் வைத்தார். தண்டு மணிக்கட்டானது. மேடுகள் விரல் முட்டிகளாயின. துருத்தல் கட்டைவிரல். மயிரிழை இடைவெளிகூட இல்லை.

அதே நேரத்தில் வாசலிலிருந்து கிளம்பிப் போயிருந்த மாஸ்டர், எழும்பும் என்று கனவிலும் நினைக்காமல், பன்னைக் கடித்தபடி புல்திடலின் பாதியில் மேலே போய்விட்டார்.

"ஐயையோ, மாஸ்டர் மேல போறாரு!" என்று கேன்டீன் அக்கா வெளியே கத்தினாள். அந்தக் கத்தலில் மெக்கானிக்கம்மா பதறிக் கையை எடுத்தாள். விமானம் வேலியைத் தாண்டிய இடத்தில் இருந்தது. அது விழவில்லை, ஆர்வம் போய்விட்டதுபோல் மெல்லத் தணிந்து பக்கத்து உருளைக்கிழங்கு வயலில் உட்கார்ந்தது. மாஸ்டருக்கும் பன்னுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது வயலாக இல்லாமல் வீடுகளாக இருந்திருந்தால் என்ற நினைப்பு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

பழி போனது, சந்தேகம் போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. முன்பு அவள் பறக்கவிடாதவளாக இருந்தாள், இப்போது எல்லோருடைய உயிரும் அவள் முட்டியில் இருந்தது. வேறு கைகளை வைத்துப் பார்த்தார்கள். பல் டாக்டரின் கை ஒல்லி, பேக்கரிக்காரரின் கை ஊதிப்போனது, மகளின் கை ஏறக்குறைய அதே அளவு, ஆனாலும் விமானங்கள் எழும்பவில்லை. பல் டாக்டர் பிளாஸ்டரில் அவள் கையை அச்செடுத்து வெள்ளைக் கை ஒன்று செய்து கொடுத்தார். அதை வைத்தபோது விமானங்கள் வேலி உயரம் வரை எழும்பி, யோசித்து, இறங்கிவிட்டன. கடைசியில், மேகம் திடலின் விளிம்புவரை வந்துவிட்ட ஒரு காலையில், பலகை முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு அவளை உட்காரவைத்தார்கள். செயலாளர் பழைய விமானத்தின் இருக்கைப் பட்டையை எடுத்துவந்து அவள் மணிக்கட்டைப் பலகையோடு சேர்த்து இறுக்கினார். "தப்பா நெனைக்காதீங்க. மனுஷங்கதானே, ஒரு சமயம் போல இன்னொரு சமயம் இருக்கமாட்டோம்" என்றார். அவள் தப்பாக நினைக்கவில்லை. தன் கையைப் பற்றி அவளுக்கும் அதே அபிப்பிராயம்தான். இன்னும் ஒரு துளை தள்ளி இறுக்கி மாட்டச் சொன்னாள்.

மகள் பறப்பதற்கான உடையில் உள்ளே வந்தாள். பட்டையைப் பார்த்தாள். குனிந்து கொக்கியை நெம்பி அதைக் கழற்றினாள்.

"என்னம்மா பண்றே?" என்றார் செயலாளர்.

"கட்டிப்போட்ட கையை நம்பி நான் ஏறமாட்டேன் சார். அவங்களா வெச்சா வெக்கட்டும்." பட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினாள். அவள் காலரில் போட்டிருந்த தையல் புதிதாக இருந்தது. "எடுத்துட மாட்டியே?"

"தெரியலடி" என்றாள் மெக்கானிக்கம்மா. பொய் சொல்ல அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

மகள் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டாள். "சரி. எடுக்கணும்னு தோணிச்சுன்னா, நான் எறங்கற வரைக்கும் தோணாம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெளியே என்ஜின் பிடித்தது. அந்தக் கைக்கு இத்தனை வருடமாகத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. என்ஜின் சத்தம் கேட்டால் பின்னால் இழுப்பது. இப்போதும் தோளிலிருந்து விரல்நுனிவரை ஒவ்வொரு நரம்பும் இழு என்றது. அவள் முகம் சுவரைப் பார்த்திருந்தது. வெளியே ஒன்றும் தெரியாது. சக்கரங்கள் புல்லில் உருளும் சத்தம் தகரச் சுவர் வழியே வந்தது, பிறகு அந்தச் சத்தம் மட்டும் அறுந்துபோனது. எழும்பிவிட்டாள். மூக்கில் அரித்தது. ஒரு குளவி ரப்பர் சுத்தியிலிருந்து அவள் முட்டிக்கு வந்து, நடந்து பார்த்து, திரும்பிப் போனது. என்ஜின் சத்தம் இடது பக்கமாக விலகி, முதுகுக்குப் பின்னால் போய், சன்னமானது. பிறகு நின்றது. இறங்கும்போது த்ராட்டிலை மூடி என்ஜின் வேகத்தைக் குறைத்தால் அப்படித்தான் சத்தம் நிற்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையில் யாருமில்லை. தெரிந்து என்ன பயன்? அந்த நிசப்தத்தில் கை அரை நூல் அளவு நகர்ந்தது. அது நகர்ந்ததை அவள் பார்த்தாள். யாரோ அந்நிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு இடது கையால் அதை அழுத்தவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. "இரு" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னாள், குழந்தையிடம் சொல்வதுபோல். கை இருந்தது. சக்கரம் புல்லைத் தொட்டது, எகிறியது, மறுபடி தொட்டு உருண்டது. வெளியே கைதட்டினார்கள். என்ஜின் நின்று, புரொப்பெல்லர் கடைசியாகச் சுற்றி ஓய்ந்து, மகள் உள்ளே வந்து பக்கத்தில் நின்ற பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மகள்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. மகள் பெரிய பள்ளிக்குப் போனாள், பிறகு எங்கெங்கோ தபால் விமானம் ஓட்டினாள், தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். மெக்கானிக்கம்மாவின் ஸ்டூலுக்கு மெத்தை வந்தது, பிறகு சாய்மானம் வந்தது. அவள் சாப்பிடும் நேரம் எழுதிக் கொட்டகை வாசலில் மாட்டப்பட்டது. அந்த நேரத்தில் யாரும் பறப்பதில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர் பலகையைப் பார்த்தார், எல்லா இடமும் நிரம்பியிருந்தது, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். செயலாளர் இன்னமும் வாரத்துக்கு ஒரு முறை சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் தூக்கி எடை பார்க்கிறார். தோடு யாருடையது என்று கேன்டீன் அக்கா கடைசிவரை சொல்லவில்லை. வெளியே நடப்பது தெரியட்டும் என்று தகரச் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டித்தர உறுப்பினர்கள் முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டாள்.

"பாத்தா கை இழுக்கும்" என்றாள்.

மழைக்காலத்தில் கிளப் மூடியிருக்கும். திடலில் தண்ணீர் நிற்கும், விமானங்கள் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும், அந்தத் திடலுக்கு மேலே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்போதும் சில பிற்பகல்களில் மெக்கானிக்கம்மா குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து முட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வாள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேன்டீன் அக்கா டீயை அவளுடைய இடது பக்கமாக வைத்துவிட்டுப் போவாள்.